சூடான பக்கம் முப்பத்திரண்டு

புஜோன்
12 ஆகஸ்ட் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இருமல் விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது என்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கும் முடியவில்லை. இங்கே பனி கடுமை. பால் கறக்கப் போகிறவர்கள் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது.

கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு கிழித்துப்போடு. துங்குலின் பாம்பு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

சந்தையில் தெம்பே வாங்கிக்கொண்டிருந்தேன். நீ உடைத்த வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். நான்கு பேர் காதில் விழும்படி சொன்னான்: "அண்ணன் பண்ணினதுக்குத் தங்கச்சி என்னம்மா பண்ணும்? எனக்கு உன்மேல ஒரு கோபமும் இல்ல வெனிங். எங்கிட்ட வந்து வேலை பாரு. பாம்புப் பெட்டியோட சூடு பார்க்க இந்த மலையில உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

தெம்பே விற்கிற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படியும் ஒரு மனுஷனா!" என்றாள்.

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் தொழில் கற்றுக்கொண்டே நம் முப்பத்தொரு பாம்புகளை ஒரே மதியத்தில் வேகவைத்துவிட்டு, "சென்சார் நழுவிடுச்சு ஐயா, ஜாத்மிகோதான் கவனிக்கல" என்று நீதிபதியிடம் சொன்ன வாய் அது. இருபது மாதத் தண்டனை உனக்கு, அனுதாபமெல்லாம் அவனுக்கு.

"சரி பாக், நாளைக்கே வரேன்" என்று மரியாதையாகவே சொன்னேன்.

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒவ்வொரு பெட்டியின் சூட்டையும் பார்த்து எழுதி வைப்பதுதான் என் வேலை. அண்ணா, நான் ஏன் சரி என்றேன் என்று உனக்குப் புரியும்.

அம்மாவுக்கு இது தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
வெனிங்


சிறை, மூன்றாம் தொகுதி
30 ஆகஸ்ட் 2018

என் தங்கை வெனிங்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருமல் குறைந்திருக்கிறது. அம்மாவை வெந்நீரில் காலை நனைத்து வைக்கச் சொல்.

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு துண்டுகளைச் சேர்த்து மறுபடி படித்தேன். அவன் வீட்டு வாசலில் நீ செருப்பைக் கழற்றுவதை நினைத்தாலே என் பல் கூசுகிறது.

இங்கே என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? சாத்தே, குச்சியில் குத்திச் சுட்ட கறி. சோற்று வரிசையில் நின்றால் பின்னாலிருந்து, "டேய் சாத்தே, பாம்புல பத்து குச்சி குடுடா, கடலைச் சட்னி தூக்கலா!" என்று ஒருவன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். தன் பாம்புகளைத் தானே சுட்டவன் என்று செய்தி எனக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கதவைத் தொட்டபோது கைப்பிடி சுட்டது. அதை மறக்க முடியவில்லை. நாற்பத்தேழு டிகிரி. துவான் இருந்த பெட்டியைத் திறந்தேன். முட்டையிலிருந்து என் உள்ளங்கையில் வெளிவந்தவன் அவன். நிறமெல்லாம் வெளிறி, வேகவைத்த கிழங்குபோல் கிடந்தான். அவன் ஜோடி நியோன்யா அடுத்த பெட்டியில். இரண்டு பேரையும் கொல்லையில் என் கையால் புதைத்தேன். மறுநாள் இரும்புக் குழாயை எடுத்தேன். கைதானே உடைந்தது அவனுக்கு?

சரி, போய்விட்டாய். இரு. கண்ணைத் திறந்து வைத்துக்கொள். பெட்டிகளில் என்ன சூடு வைக்கிறான், எத்தனை பெட்டி, எப்போது வெளியே போகிறான், எல்லாம் எழுது. இந்தக் கடிதங்களை அதிகாரிகள் படித்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். பாம்பு வளர்ப்பைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேசுவதில் ஒன்றும் தவறில்லையே.

அண்ணன்
ஜாத்மிகோ


புஜோன்
23 செப்டம்பர் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். அம்மா உனக்காகப் பலாச்சிப்ஸ் அனுப்பியிருக்கிறார். கிடைத்ததா?

கேட்டதை எழுதுகிறேன். வெளியறையில் நாற்பது பெட்டிகள், உள்ளறையில் ஒன்பது. சூடான பக்கம் முப்பத்திரண்டு, குளிர்ந்த பக்கம் இருபத்தாறு. நீ வைத்த அதே அளவு. சென்சாரைச் சூட்டுப் பாயோடு ஒட்டும் விதம்கூட உன்னுடையதுதான். எல்லாவற்றையும் உன்னிடமே கற்றுக்கொண்டு உனக்கே செய்தான்.

உள்ளறைப் பெட்டிகள் கறுப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. "அந்த ஒன்பதையும் திறக்காத, கூச்ச சுபாவம் அதுங்களுக்கு. கதவுக்கு வெளியே திரை இருக்குல்ல, அதைப் பார்த்து நம்பரை மட்டும் எழுது" என்றான். ஞாயிற்றுக்கிழமை, நான் இல்லாத நாளில், அவனே எலி போடுகிறான். எங்கிருந்தோ வரவழைத்த உயர்ந்த ரகமாம். சுரபாயா கண்காட்சிக்குக் குட்டிகள் தயார் செய்கிறானாம்.

யார் வந்தாலும் என்னைக் காட்டுகிறான். போன வாரம் மலாங்கிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். "இது யாரு தெரியுதா? என் கையை உடைச்சான்ல, அவன் தங்கச்சி. நான்தான் வேலை குடுத்திருக்கேன்" என்றான். அவர்களில் ஒருவன், "பாக், ஜாக்கிரதை, குடும்பத்தோட சமைக்கிறவங்க" என்றான். துங்குல் வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அவர்களுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்குத் தொழுகைக்குக் கிளம்புகிறான். ஒன்றரைக்குத் திரும்புகிறான்.

உன் தங்கை
வெனிங்


சிறை
5 அக்டோபர் 2018

தங்கைக்கு,

ஸலாம். பலாச்சிப்ஸ் கிடைத்தது. பாதி காவலர்களுக்குப் போயிற்று, பாதி எனக்கு. அம்மாவிடம் ருசியாக இருந்தது என்று சொல்.

துங்குலுக்கு நாம் ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. ஒரு கேக் சுட்டுக் கொடு. வெள்ளிக்கிழமை மதியம் சுடு, அவன் தொழுதுவிட்டு வரும்போது தயாராக இருக்கட்டும். அடுப்பு நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. நம் வீட்டில் மார்ச் மாதம் சுட்ட அதே பக்குவம். ஒரு பெட்டியும் மிச்சம் வேண்டாம்.

கதவின் கைப்பிடி அவன் கையைச் சுட வேண்டும். எனக்கு அது போதும்.

ஜாத்மிகோ


சிறை
16 நவம்பர் 2018

வெனிங்,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா நலமா? நீ நலமா? கேக் என்ன ஆயிற்று?

ஜாத்மிகோ


சிறை
20 டிசம்பர் 2018

வெனிங்,

பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் தன் மகனைப் பார்க்க இங்கே வந்தார். நீ இன்னமும் தினமும் துங்குல் வீட்டுக்குப் போகிறாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லையாம். பிறகு ஏன் எழுதவில்லை? அவன் சோறு ருசித்துவிட்டதா? "உங்க வீட்டுப் பொண்ணு அங்க நல்லா ஒட்டிக்கிச்சு" என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படி ஒரு தங்கை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டுமா? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

ஜாத்மிகோ


புஜோன்
6 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள்.

இனி கேக் வேண்டாம். அதைப் பற்றிக் கேட்காதே.

நியோன்யா அத்தையைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறார். துங்குலின் உள்ளறையில்தான் குடியிருக்கிறார். அவர் வயிற்றில் அந்தத் தீக்காயத் தழும்பு அப்படியே இருக்கிறது. நாம் முதன்முதலில் வாங்கிய மட்டமான சூட்டுப் பாய் சுட்டது. நாற்பது நாள் நான்தானே களிம்பு போட்டேன். என் விரலுக்குத் தெரியாதா அந்த மேடும் பள்ளமும்? டிசம்பர் கடைசியில் அவருக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பொறுமையாக இரு.

வெனிங்


சிறை
18 ஜனவரி 2019

தங்கைக்கு,

ஸலாம். டிசம்பரில் எழுதியதை மறந்துவிடு.

நியோன்யா அத்தையை நான் என் கையால் புதைத்தேன். அப்படியென்றால் நான் புதைத்தது யாரை?

நான்கு நாளாக அதையே யோசிக்கிறேன். வெந்து வெளிறிய தோலில் நிறம் எங்கே தெரிந்தது? அதே நீளம், அதே பருமன், அதே பெட்டி. அதனால் நானே முடிவு செய்துகொண்டேன். புரட்டி வயிற்றைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

என் பழைய பெட்டியில், போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களோடு, ஒரு சின்னக் கருவி இருக்கும். ஒன்பது உயர்ந்த ரகப் பெட்டிகளின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதிந்து வைப்பது. நீதிமன்றத்தில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழாயோடு பிடிபட்டவன் வாய் திறந்து என்ன பயன்? அதைக் கணினியில் போட்டுப் பார்.

துவான் மாமாவையும் பார்த்தாயா? அவரும் அங்கேதானே இருப்பார்? அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

அண்ணன்


புஜோன்
10 பிப்ரவரி 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். கருவியிலிருந்து எல்லாம் எடுத்துவிட்டேன். மலாங்கில் ஒரு கடையில் அச்சடித்தும் வாங்கிவிட்டேன்.

அந்த வெள்ளி பன்னிரண்டு இருபது வரை ஒன்பது பெட்டியும் முப்பத்திரண்டில் நிற்கிறது. பன்னிரண்டு முப்பதுக்கு முதல் மூன்று பெட்டியில் சூடு சட்டென்று இருபத்து நான்குக்கு இறங்குகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் அடுத்த மூன்று. பிறகு கடைசி மூன்று. யாரோ வரிசையாக மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்பதும் சேர்ந்து ஏறத் தொடங்குகின்றன. சென்சார் நழுவினால் சூடு ஏறும், மூடி திறக்காது. அன்றைக்கு நீ தொழுகையில் இமாமுக்கு நேர் பின்னால் இருந்தாய். இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது.

நம்முடைய ஒன்பதை எடுத்துக்கொண்டு, எங்கோ பிடித்த ஒன்பது சாதாரணப் பாம்புகளை அந்த இடத்தில் போட்டிருக்கிறான். திருட்டை மறைக்க முப்பத்தொரு உயிர்களைச் சுட்டிருக்கிறான்.

போலீசுக்கு இப்போது போனால் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்பதையும் மறைத்துவிடுவான். மார்ச் இருபத்து நான்கு சுரபாயா கண்காட்சி. நடுவர்களில் ஒருவர் டாக்டர் விதூரி. நியோன்யாவின் காயத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிற அதே டாக்டர். பெட்டிகளைக் கட்டப்போவது நான்.

அவன் செய்தது யாருக்கும் தெரியாமல், வெறும் கை உடைந்தவனாக அவனை விடமாட்டேன். அவன் பெயர் உடைய வேண்டும். எத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிச் சிரித்தானோ, அத்தனை பேர் முன்னால்.

வெனிங்


சிறை
22 பிப்ரவரி 2019

தங்கைக்கு,

ஸலாம். செய். என் குழாயைவிட உன் காகிதம் கனமாக இருக்கிறது. ஒரு சொல்லும் குறைக்காதே, அழாதே, கத்தாதே.

துவானைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

அண்ணன்


புஜோன்
31 மார்ச் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் படுத்தே இருந்தார். மூன்றாம் நாள் எழுந்து உனக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பல் அரைத்து, நீ இல்லாமலே நாங்கள் சாப்பிட்டோம்.

கண்காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன்.

குட்டிகளோடு, அவற்றின் தாய் என்று காட்ட வேறொரு பாம்பைக் கட்டச் சொல்லியிருந்தான். அவனுக்குத் தெரியாமல் நான் நியோன்யாவைக் கட்டினேன். துங்குல் மேசைக்கு எதிரே நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். வெண்கலமும் சாம்பலும் கலந்த குட்டிகளைப் பார்த்து எல்லோர் வாயும் பிளந்திருந்தது. டாக்டர் விதூரி தாயைக் காட்டச் சொன்னார். துங்குல் மூடியைத் தூக்கினான்.  சட்டென்று மூடினான்.

"தாய் சரியில்ல டாக்டர், பயண அலுப்பு. இன்னொரு நாள் காட்டறேன்."

"நல்லாத்தான் இருக்கா பாக்," என்றேன். "காலையில நான்தானே சூடு பார்த்தேன். முப்பத்திரண்டு. கொஞ்சம் புரட்டிக் காட்டட்டுமா டாக்டர்?"

"வெனிங், கையை எடு!"

எடுக்கவில்லை. நியோன்யாவைத் தூக்கி வயிற்றை வெளிச்சத்தில் காட்டினேன். அவள் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்தக் காயத்துக்கு நான்தான் மருந்து எழுதினேன்," என்றார். "ஆனா இது ஜாத்மிகோவோட பாம்பாச்சே. செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே?"

துங்குல் சிரிக்கப் பார்த்தான். "தழும்பு இல்லாத பாம்பு எங்க இருக்கு டாக்டர்? இவ அண்ணனுக்காகப் பொய் சொல்றா."

நான் காகிதத்தை விரித்தேன். நீ சொன்னபடி கத்தவில்லை. மூடிகள் திறந்த நேரத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். கூட்டத்தில் மலாங்கிலிருந்து வந்த அந்த நான்கு பேரும் இருந்தார்கள். என்னைக் கேலி செய்தவனே, "பன்னிரண்டரைக்கு நீங்க எங்க இருந்தீங்க பாக்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. துங்குல் என்னைப் பார்த்து மெதுவாக, "உனக்குச் சோறு போட்டேனேடி" என்றான். "போட்டீங்க. அதுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்து நல்லபடியா பரிமாறறேன்" என்றேன். அண்ணா, அந்த ஒரு நிமிடம் என் நாக்கில் தேன் ஊறியது. அதை மறைக்க மாட்டேன்.

அன்று மாலையே போலீஸ் அழைத்துப் போய்விட்டது. வழக்கு முடியும் வரை பாம்புகளை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் ஐந்து நாள் ஸ்டேஷனில் சாட்சிப் பொருள் அறையின் குளிரில் கிடந்தன. நியோன்யா அதற்குப் பிறகு எலியைத் தொடவில்லை.

ஒன்பது இல்லை அண்ணா. ஏழு.

நீ இரண்டு தடவை கேட்டாய். இப்போது எழுதுகிறேன், இதைப் படிக்கிற அதிகாரி படிக்கட்டும், போலீசிடமும் சொல்லிவிட்டேன். நவம்பர் ஒன்பது, வெள்ளி. அவன் தொழுகைக்குப் போனதும் எல்லாத் தெர்மோஸ்டாட்டையும் நாற்பத்தைந்தில் வைத்தேன். நீ சொன்ன கேக். ஓடிப்போயிருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் என் மனம் குளிர்ந்தது. அப்புறம் உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. மூக்கால் மூடியை முட்டுகிற சத்தம். நம் பாம்புகளும் அன்றைக்கு இப்படித்தான் முட்டியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் திறந்தேன். வெளியறை பெரியது, அங்கே நாற்பதும் பிழைத்தன.

முதல் பெட்டியில் துவான் இருந்தான். வாய் திறந்திருந்தது. இடது கண்ணுக்குப் பின்னாலிருக்கும் தங்கச் சுருளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தூக்கியபோது கையில் துவண்டான். மூன்றாம் பெட்டியில் இருந்ததும் மாலைக்குள் போய்விட்டது. நியோன்யா தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கிடந்ததால் பிழைத்தாள்.

துங்குல் வந்தான். இரண்டு உடலையும் பார்த்தான். "சென்சார் நழுவிடுச்சு, பாக்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நழுவும். சில சமயம் நழுவும்" என்றான். என்னை வேலையை விட்டு அனுப்பவுமில்லை, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவுமில்லை. துவானை ஆப்பிள் மரத்தடியில் அவனே இடது கையால் தோண்டிப் புதைத்தான்.

உன் துவானைக் கொன்றது நான். இதை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

வெனிங்


சிறை
12 மே 2019

தங்கை வெனிங்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்பு பரவாயில்லை. நோன்பு ஆறு நாள் ஆகிறது. அம்மாவை நோன்பு பிடிக்க விடாதே, மாத்திரை சாப்பிடுகிறவர்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய். ஆனால் நாற்பத்தைந்து என்ற எண்ணை எழுதியது என் கை. அதனால் மன்னிப்பு என்ற சொல்லை நீயும் என்னிடம் கேட்காதே, நானும் உன்னிடம் கேட்கவில்லை. துவான் நம் இருவர் கையிலும் செத்தான். இருவரும் வைத்துக்கொள்வோம்.

போன திங்கட்கிழமை துங்குலை இங்கே கொண்டுவந்தார்கள். எங்கள் தொகுதிக்கே. ஒரு வருடமாக இந்த நாளை நான் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பக்கத்துப் பாயில் படுப்பவன், "ஜாத், உன் ஆளு வந்துட்டான். நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம், நீ பார்த்துக்க" என்றான். காவலர்கள் நோன்பு திறக்கப் போயிருந்த நேரம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவன் தனியாக நின்றான். இடது கையால் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். வலது கை பிழிய உதவவில்லை.

நான் கிட்டே போனேன். கையை மடக்கித்தான் போனேன். அவன் ஓடவில்லை. வேண்டாம் என்று கெஞ்சவுமில்லை. என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"ஜாத்... நியோன்யா சாப்பிட்டாளா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. திருடன்தான். ஆனால் ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் அவளுக்கு எலி போட்ட கையும் அதுதான். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் கண்ணில் அது தெரிந்தது.

 திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சோற்று வரிசையில், தொழுகை வரிசையில் பக்கத்தில் வந்து நின்று கேட்கிறான். "ஒரு வார்த்தை சொல்லு ஜாத். சாப்பிட்டாளா, இல்லையா?" நான் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறேன். இங்கிருந்து வெளியே போகிற நாள் வரை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கடிதம் எழுத யாருமில்லை.

எனக்கு மட்டும் எழுது, வெனிங். உடனே எழுது.

சாப்பிட்டாளா?

அண்ணன்
ஜாத்மிகோ